நீக்கப்பட்ட மூன்றாம் பகுதி

எந்தச் சொல் ஒரு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வைக்கும் என்பது யோகநாதனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அபுதாபியின் முசஃபாவில், லாரி டயர்க் கடைகளுக்கு நடுவே இருக்கும் டைப்பிங் சென்டரில் அவர் பத்தொன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். விசா, லேபர் கார்டு, பிறந்த குழந்தையின் பதிவு, கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்த முதலாளிக்கு, எழுதும் மன்னிப்புக் கடிதம் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போகும். ஒரு வெல்டர் 'சண்டை' என்று சொன்னால் அவர் 'கருத்து வேறுபாடு' என்று அடிப்பார். 'வேலையை விட்டு ஓடிட்டேன்' என்றால், 'உரிய நேரத்தில் தகவல் தெரிவிக்க இயலவில்லை' என்றாகும். மாற்றச் சொல்லி யாரும் அவரிடம் கேட்பதில்லை. மாற்றாமல் விட்டால்தான் வந்து கேட்பார்கள்.

மகள் மேனுஜாவின் கட்டுரை மின்னஞ்சலில் வந்து சேர்ந்த அன்று, அதையும் அவர் அந்தக் கண்ணோடுதான் திறந்தார்.

அது ஓர் உதவித்தொகைப் போட்டி. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று நடத்துவது. இனப்படுகொலைகளை நினைவுகூர்வது பற்றியும், ஒரு கூட்டத்தார் மேல் மற்றவர்களுக்கு இருக்கும் தப்பெண்ணத்தை எதிர்ப்பது பற்றியும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஆயிரத்து இருநூறு சொற்களுக்குக் குறையாமல் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தேறியவர்களுக்குப் பட்டப்படிப்பு முழுவதும் இலவசம். மேனுஜாவுக்கு அபுதாபியிலேயே சட்டம் படிக்க ஆசை. இது கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி, அங்கே கிடைக்கிற ஏதாவதொரு படிப்பில் சேர வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விண்ணப்பத்தைப் பெற்றோர்தான் பதிவேற்ற வேண்டும் என்பது விதி. கடைசி நாள் அன்றுதான். மாலை ஐந்து மணி வரை.

"என்னாண்ணே, பாப்பாவோட கட்டுரையா?" பக்கத்து மேசை கௌஸ் முகம்மது எட்டிப் பார்த்தான். காயல்பட்டினத்துக்காரன். "பரிசு வந்தா எனக்கு ஒரு பிரியாணி."

"வரட்டும், பாப்பம்."

"வராம எங்க போவும்? நீங்க ஒரு பார்வை பார்த்தா கேன்சலான விசாவே திரும்பி வந்துருமே."

யோகநாதன் சிரித்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார். கட்டுரை மூன்று பகுதிகளாக இருந்தது. முதற்பகுதி பொதுவானது, ஆர்மேனியா, ருவாண்டா, பொஸ்னியா என்று வரலாற்றுப் புத்தகங்களில் இருப்பவை. இரண்டாம் பகுதியில் அவள் இலங்கைப் போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்துக்கு வந்திருந்தாள். அந்த இடத்தில் அவருடைய விரல் தானாகவே நின்றது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்க இலங்கைத் தூதரகத்து வாசலில் போய் நிற்கிறவர் அவர். ஆனால் மகள் கவனமாகத்தான் எழுதியிருந்தாள். எண்ணிக்கைகளுக்கெல்லாம் அடிக்குறிப்பு கொடுத்திருந்தாள். உரத்த சொல் ஒன்றுகூட இல்லை. திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்று கண்டபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மூன்றாம் பகுதி அவர்களுடைய வீட்டைப் பற்றியது.

ஷாபியாவில் அவர்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டில் மூன்று அறைகள். அவற்றில் ஒன்றில் நாலு வருடமாகச் செல்லம் இருக்கிறாள். ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். மழலையர் பள்ளியொன்றில் துப்புரவு வேலை. வாடகையில் அவளுக்கும் பங்கு உண்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டு உண்டு, சமையலறை எல்லாருக்கும் பொது.

ஒவ்வொரு மே மாதமும் பதினெட்டாம் தேதி யோகநாதன் வீட்டில் கஞ்சி காய்ச்சுவார்கள். கடைசி நாட்களில் பதுங்குகுழிகளில் இருந்த சனங்களுக்கு அதுதான் கிடைத்தது என்பதால், உப்புக்கூடப் போடாமல், அரிசியும் தண்ணீரும் மட்டும். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரு விளக்கேற்றி, ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருப்பார்கள். மனைவி தவராணியின் தம்பி கிருபன் ஷார்ஜாவிலிருந்து குடும்பத்தோடு வருவான். போன வருடம் அப்படி வந்திருந்தபோது, மற்ற வருடங்களில் அந்நேரம் வேலையில் இருந்துவிடும் செல்லம் கூடத்தைக் கடந்து போவதைப் பார்த்துவிட்டு, அது யார் என்று கிருபனின் மனைவி கேட்டாள்.

"அவ தோட்டக்காட்டாள்," என்றாள் தவராணி. "வீட்டு வேலைக்கு வச்சிருக்கிறம்."

இதையெல்லாம் மேனுஜா அப்படியே எழுதியிருந்தாள். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் விளக்கமும் எழுதி, எங்கள் ஆட்கள் மலையகத் தமிழரை இழிவாகச் சொல்லும் சொல் இது என்றிருந்தாள். பிறகு அம்மா சொன்னபடி செல்லம் அன்ரி தட்டில் கஞ்சிக் கோப்பைகளை எடுத்து வந்து எல்லாருக்கும் கொடுத்ததையும், குடித்து முடிந்ததும் திரும்ப வந்து எடுத்துப் போனதையும் எழுதியிருந்தாள். செல்லம் அன்ரியின் தம்பி கிளிநொச்சிக்கு வயல் வேலைக்குப் போன இடத்தில் அதே போரில் இறந்துபோனவன் என்பதை அந்தக் கூடத்தில் யாரும் சொல்லவில்லை. 'இறந்த ஒருவனின் அக்கா எங்களுக்குப் பரிமாறினாள், நாங்கள் இறந்தவர்களை நினைத்துக்கொண்டிருந்தோம். என் அப்பா தலையைக் குனிந்து கஞ்சியைக் குடித்து முடித்தார்.'

அந்தக் கடைசி வரியை அவர் மூன்று முறை படித்தார். அதில் பிழை எதுவும் இல்லை. அவர் அப்படித்தான் குடித்தார்.

ஒரு பாகிஸ்தானி டிரைவர் வந்து எதிரே உட்கார்ந்து, "பாய், ஜல்தி," என்று அவசரப்படுத்தினான். அவனுடைய படிவத்தை அடித்துக் கொடுத்து அனுப்பினார். இன்னும் இரண்டு பேர் வந்து போனார்கள். நாலரை மணிக்கு மறுபடியும் கட்டுரையைத் திறந்தார். மூன்றாம் பகுதியை முழுவதுமாகத் தெரிவு செய்து நீக்கினார். கோபத்தில் செய்யவில்லை. வெட்கம்கூட அந்த நேரத்தில் இல்லை. கை பழகிய வேலையைக் கை செய்தது. சொற்கணக்குக் குறைந்துவிட்டதால், மேனுஜாவின் வகுப்பில் சூடானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து ஒருவர் கறியை ஒருவர் பகிர்ந்துகொள்வதாக ஒரு பகுதியை அவரே எழுதிச் சேர்த்தார். மகளின் ஆங்கிலம் போலவே வந்தது. ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு சொற்கள். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏற்றிவிட்டார்.

"ஏத்தியாச்சா?" என்று மேனுஜா செய்தி அனுப்பியிருந்தாள். "ஓம் பிள்ளை," என்று பதில் போட்டார்.

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. கடைசிச் சுற்றுக்குத் தேர்வான ஐந்து பேரில் மேனுஜாவும் ஒருத்தி. அடுத்த புதன்கிழமை இணைய வழி நேர்முகம். கட்டுரையைப் பற்றித்தான் கேட்பார்கள். குறிப்பாக மூன்றாம் பகுதியிலுள்ள பள்ளி அனுபவத்தைப் பற்றி நடுவர்கள் மேலும் கேட்க விரும்புகிறார்கள். மாணவியின் வசதிக்காக, சமர்ப்பித்த கட்டுரையின் பிரதி ஒன்றை இணைத்திருக்கிறார்கள். கடிதம் மகளுடைய முகவரிக்கும் போயிருந்தது.

அவர் வீட்டுக்குத் தொலைபேசவில்லை. வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை. நல்ல செய்தி வந்தும் பிள்ளை கூப்பிடவில்லையென்றால் அவள் பிரதியைத் திறந்துவிட்டாள் என்றுதான் பொருள். பேருந்திலிருந்து இறங்கி, வழக்கமான வாசலை விட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

மேனுஜா கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இந்த லன்ச் கதை ஆர் எழுதினது?"

அவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நான்தான்."

"நான் ஸ்கூலுக்கு லன்ச் கொண்டுபோறதே இல்லையே அப்பா. நாலு வருஷமா கன்ரீன்லதான் சாப்பிடுறனான்."

அவருக்கு அது தெரியாது. விடிய முன்னமே அவர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து தவராணி கையைத் துடைத்தபடி வந்து, யார் எதை எழுதியது, யார் எதை அழித்தது என்று கேட்டாள். மேனுஜா மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"அப்பிடி நான் என்ன சொல்லிப்போட்டன்?" என்றாள் தவராணி. "ஊர் உலகத்தில ஒருத்தரும் சொல்லாததையோ சொன்னனான்? வீட்டில கதைக்கிறதை எல்லாம் வெள்ளைக்காரனுக்கு எழுதிக் குடுக்கிறதோ?"

"அதுக்குத்தான் அப்பா அழிச்சவர்."

"நல்லதுதானே செய்தவர்."

"அப்ப புதன்கிழமை நீங்கள் வந்து இருந்து சொல்லுங்கோ அம்மா, சூடான் பிள்ளையின்ர கறி என்ன ருசியெண்டு."

தவராணி கை துடைத்த துணியை மடிக்கத் தொடங்கினாள். கடிதத்தின் அடியில் விதிகளைத் திரும்பவும் போட்டிருந்தார்கள்: பிறர் எழுதிய பகுதி இருப்பது தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. அதை மேனுஜாவும் படித்திருந்தாள், அவரும் படித்திருந்தார்.

"ஒரு வழி இருக்கு பிள்ளை," என்றார் யோகநாதன். "ரைப்பிங் மிஸ்ரேக் எண்டு ஒரு கடிதம் குடுக்கலாம்."

அந்தக் கடிதம் அவருக்கு மனப்பாடம். இந்த நாட்டில் தட்டச்சுப் பிழை தீர்த்து வைக்காத சிக்கல் குறைவு. பெயரை மாற்றிக் கொடுத்தவன், வயதைக் குறைத்துச் சொன்னவன், இல்லாத படிப்பை எழுதிவிட்டுப் பிடிபட்டவன் எல்லாருக்கும் சென்டரின் முத்திரையோடு ஒரே கடிதம்: 'எங்கள் தட்டச்சரின் தவறுதலால்...' அதிகாரிகளுக்கும் உள்விஷயம் தெரியும். அவர்களுக்கு ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

"பிழையான பிரதி மாறி ஏறிப்போட்டுது எண்டு அடிச்சா, நீ எழுதின சரியான பிரதியைப் பிறகு குடுக்கலாம். ஏற்றுக்கொள்ளுவினம். பழி என்ர தலையிலதானே."

மேனுஜா உடனே மறுக்கவில்லை. அதை அவர் கவனித்தார். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அவளுக்கும் அந்த இடம் வேண்டும்.

அப்போது செல்லத்தின் அறைக் கதவு திறந்தது. நாலு மணிக்கே டூட்டி முடிந்து வந்துவிட்டிருந்தாள் போலும். தண்ணீர்ப் போத்தலை நிரப்ப வந்தவள் சமையலறைக்குப் போகாமல் கூடத்திலேயே நின்றாள்.

"என்னையப் பத்தியாண்ணே பேசுறீங்க? செவுரு அட்டைதானே, எல்லாம் கேக்குது."

யோகநாதன் மகளைப் பார்த்தார். "இருங்கோ அன்ரி," என்றாள் மேனுஜா. செல்லம் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தன்னுடைய பழைய பிரதியைத் திறந்து, மூன்றாம் பகுதியை மேனுஜா தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். 'தோட்டக்காட்டாள்' வந்த இடத்தில் அவள் குரல் சற்று இறங்கியது. தவராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்லம் போத்தலை மடியில் வைத்தபடி கடைசி வரை கேட்டாள்.

"ஒண்ணு தப்பா எழுதியிருக்க பாப்பா."

"என்ன அன்ரி?"

"அக்கா என்னைய எடுத்துட்டு வரச் சொல்லல. நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்."

"ஏன்?"

"வேலைக்காரின்னு சொன்னது உள்ள கேட்டுச்சு. அப்பறம் நான் பாட்டுக்கு ரூமுல போயி படுத்துக்கிட்டா, வந்தவங்க முன்னாடி அக்காவுக்குத்தானே அசிங்கம்? அதான்." போத்தலின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "எல்லாருக்கும் குடுத்துட்டு நானும் அடுப்புக்கிட்ட நின்னு ஒரு வாய் குடிச்சேன். அதுவும் நீ எழுதல. உனக்கு எப்படித் தெரியும்?"

தவராணியின் முதுகு மட்டும் தெரிந்தது.

"எழுதுறப்பவும் என்னைய ஒரு வார்த்த கேக்கல. அழிக்கிறப்பவும் கேக்கல," என்றாள் செல்லம். "அப்பனும் மகளும் ஒரே மாதிரித்தான்."

அவள் குரலில் கோபம் இல்லை. பேருந்து தாமதமாக வந்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். மேனுஜாவின் முகம் கருத்துப்போயிற்று. இதுவரை அந்தக் கூடத்தில் குற்றவாளிகள் இரண்டு பேர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி," என்றாள். "இப்ப கேக்கிறன். நீங்கள் ஓம் எண்டால் மட்டும் இதை அனுப்புறன்."

செல்லம் நெடுநேரம் யோசித்தாள். வெளியே மக்ரிப் தொழுகைக்கான அழைப்பு தொடங்கி முடிந்தது.

"வேணாம் பாப்பா. அங்க உள்ளவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. அவங்ககிட்ட யாரும் என்னைய வேலைக்காரின்னு சொல்லல. யாருகிட்ட சொன்னாங்களோ அவங்ககிட்டப் போயி இல்லன்னு சொல்லுங்க. போதும்." எழுந்துகொண்டாள். "பரிச்சைக்கு நீ என்ன வேணா சொல்லிக்க. நான் வந்து கேக்கவா போறேன்?"

சமையலறையில் போத்தல் நிரம்பும் சத்தம் கேட்டது. பிறகு அறைக் கதவு சாத்தப்பட்டது.

"ரைப்பிங் மிஸ்ரேக் எண்டு குடுத்திட்டு, மூண்டாவது பகுதியை வேற மாதிரி புதுசா எழுதலாம் பிள்ளை," என்றார் யோகநாதன் தாழ்ந்த குரலில். "இன்னும் ஆறு நாள் இருக்கு."

"வேண்டாம் அப்பா."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுப்போட்டன். லன்ச் கதையை நடுவர் முன்னால சொன்னா எனக்குச் சிரிப்பு வந்திடும். மிஸ்ரேக் எண்டு சொன்னாலும் சிரிப்பு வரும்." சொன்னவள் சிரிக்கவில்லை. "நீங்கள்தானே ஏத்தினது. நீங்கள்தான் அடிக்க வேணும். நடந்ததை அடியுங்கோ."

மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் விசைகளின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதியவருக்கு முதல் வரி கிடைக்கவில்லை. 'தவறுதலாக' என்று வந்தது, அழித்தார். 'சூழ்நிலை காரணமாக' என்று வந்தது, அதையும் அழித்தார். கடைசியில் ஐந்து வரி தேறியது. இந்தக் கட்டுரையின் மூன்றாம் பகுதியை எழுதியவர் மாணவியின் தந்தையாகிய நான். அவள் எழுதியிருந்ததை அவளுக்குத் தெரியாமல் நீக்கினேன். அதில் எங்கள் வீட்டைப் பற்றிய உண்மை இருந்தது. அதில் குறிப்பிடப்பட்டவர் விரும்பாததால் அதை இப்போது அனுப்ப இயலாது. என் மகள் இந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாள்.

மேனுஜா படித்துவிட்டு, ஓரிடத்தில் காற்புள்ளி வைத்தாள். அனுப்பும் விசையை அவளே அழுத்தினாள். பிறகு தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை பதில் வந்தது. தாமாகவே முன்வந்து சொன்ன நேர்மைக்கு நன்றி, அதனால் தள்ளுபடி விதியைப் பயன்படுத்தவில்லை. ஆனால் திரும்பப் பெற்ற பகுதியை விலக்கிப் பார்த்தால் கட்டுரை ஆயிரத்து இருநூறு சொற்களுக்குக் குறைவாக இருப்பதால் மேற்கொண்டு பரிசீலிக்க இயலவில்லை. மாணவிக்கு வாழ்த்துகள்.

"என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டான் கௌஸ் முகம்மது.

"சொல்லு குறைஞ்சுபோச்சு."

"நீங்க பாத்து அனுப்பியுமா?"

"நான் பாத்து அனுப்பினதாலதான்," என்றார் யோகநாதன். அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான்.

அந்த வாரம் மேனுஜா அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள். யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவோடு அதிகம் பேசினாள். அங்கே எந்த அறை, மின்விசிறி இருக்கிறதா, பேருந்து எத்தனை மணிக்கு என்றெல்லாம். தவராணி வழக்கம்போலச் சமைத்தாள். செல்லம் சமையலறைக்கு வரும் நேரம் பார்த்து அவள் வெளியே வந்துவிடுவதும், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போவதும் இரண்டு நாள் நடந்தது. என்ன பேசினார்களென்று அவருக்குத் தெரியவில்லை. பேசினார்களா என்பதும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தவராணி தானாகவே சொன்னாள்:

"கிருபனுக்கு நான் சொல்லமாட்டன். எனக்கு வாய் வராது. நீங்கள் வேணுமெண்டாச் சொல்லுங்கோ."

சனிக்கிழமை முற்பகலில் அவர் கூடத்தில் உட்கார்ந்து கிருபனை அழைத்தார். மேனுஜா மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள், எழுந்து போகவில்லை. உதவித்தொகை தவறிப்போனதற்குக் கிருபன் வருத்தப்பட்டான். வேறு எங்கெல்லாம் முயன்று பார்க்கலாமென்று நாலு இடம் சொன்னான். அவன் மூச்சு வாங்குவதற்காக யோகநாதன் காத்திருந்தார்.

"கிருபன், போன மே மாதம் கஞ்சி கொண்டு வந்து தந்தவா எங்கட வேலைக்காரி இல்லை. வாடகைக்கு இருக்கிறவா. நாலு வருஷமா. நாங்கள் அண்டைக்குப் பொய் சொன்னனாங்கள்."

கிருபன் சிரித்தான்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் அத்தான். வேலைக்கு ஆள் வைக்கிற வசதி உங்களிட்ட எங்க இருக்கு? சப்பாத்துத் தட்டில அவவின்ர செருப்பும் உங்கட செருப்பும் ஒண்டாத்தானே கிடந்தது. காரில போகேக்க நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சனாங்கள்."

"தெரிஞ்சும் நீர் ஒண்டும் கேக்கேல்லையே."

"அக்காவை என்னெண்டு கேக்கிறது?"

கஞ்சி குடித்த அன்று அந்தக் கூடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அது பொய் என்று ஏழு பேருக்கும் தெரிந்திருந்தது. யோகநாதனுக்குத் தொலைபேசியை வைத்துவிடலாம் என்று தோன்றியது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. கேட்டவனுக்கும் அது புதிதில்லை. மேனுஜாவின் பேனா நின்றிருந்தது.

"இன்னொண்டு," என்றார். "அவாவின்ர தம்பியும் அங்கதான் செத்தவர். கிளிநொச்சிக்கு வயல் வேலைக்குப் போனவர். ரெண்டாயிரத்து ஒன்பதில."

இந்த முறை கிருபன் சிரிக்கவில்லை. சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அது எனக்குத் தெரியாது அத்தான்," என்றான் கடைசியில். "பேர் என்ன?"

யோகநாதன் வாயைத் திறந்தார். மேனுஜாவைப் பார்த்தார். அவள் தன் கட்டுரையை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பவள்போல் இருந்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள். அவளுக்கும் தெரியாது. தவராணி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். அவளும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை.

"கொஞ்சம் பொறும்," என்றார் தொலைபேசியில்.

எழுந்து கூடத்தைக் கடந்தார். சனிக்கிழமை செல்லத்துக்கு விடுமுறை. உள்ளே அவள் யாரோடோ ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பது அட்டைச் சுவர் வழியே கேட்டது. நாலு வருடத்தில் அந்தக் கதவை அவர் ஒரு முறைகூடத் தட்டியதில்லை. எது வேண்டுமென்றாலும் தவராணிதான் போய்க் கேட்பாள். பேச்சு முடியும் வரை காத்திருக்கலாம் என்று நின்றார். கையிலிருந்த தொலைபேசியில் கிருபன் இன்னும் இருந்தான். அவன் மூச்சு விடுவது கேட்டது.

உள்ளே பேச்சு நின்றதும், அவர் கதவைத் தட்டினார்.